நான்கு நிமிடக் காற்று

ஜனவரி 2, திங்கள்

உதிரிபாகக் கடைக்காரர் இந்த வருடமும் டைரி கொடுத்தார். போன வருட டைரியில் எண்ணெய் மாற்றிய தேதி தவிர ஒன்றும் எழுதவில்லை. இந்த முறை எழுதலாம் என்றிருக்கிறேன். சௌந்தரிக்கு ஏழாம் மாதம் தொடங்கியிருக்கிறது. கல்யாணமாகி ஒன்பது வருடம். இதற்கு முன் இரண்டு தடவை உண்டாகி, இரண்டுமே ஐந்தாம் மாதத்தைத் தாண்டவில்லை. இது தாண்டிவிட்டது. நல்லபடியாகப் பிறந்தால் பெரிதான பிறகு பிள்ளைக்கு இதைப் படித்துக் காட்டலாம். இல்லாவிட்டால் அடுப்பில் போட்டுவிடலாம்.

மழைக்காலம் முழுக்கத் துறையில் சும்மா கட்டிக்கிடந்த பன்னிரண்டு சீட்டுப் படகை இன்று திறந்தேன். பொங்கலுக்குக் கூட்டம் வரும். அலையாத்திக் காட்டைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் பெரிய படகில்தான் போவேன் என்று அடம்பிடிப்பார்கள். பேட்டரி செத்திருந்தது, மாற்றினேன். பின்பக்கம் இருக்கும் இரண்டு காற்றுக்குழல்களில் ஒன்றில் வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது. கையை விட்டு இழுக்கப் போனவன், உள்ளே சத்தம் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டேன். குருவிக் கூடு. மூன்று குஞ்சு, கண் கூடத் திறக்கவில்லை.

சாப்பிடும்போது சௌந்தரியிடம் சொன்னது தப்பு. தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"கைய கிய்ய வச்சிடாதீங்க. புள்ளத்தாச்சி புருஷன் கூட்டக் கலைக்கக் கூடாது."

ஏற்கெனவே முடி வெட்டக்கூடாது, தாடி எடுக்கக்கூடாது, பாடை தூக்கக்கூடாது என்று எனக்குச் சட்டம் போட்டு வைத்திருக்கிறாள். ஐ.டி.ஐ. படித்த மெக்கானிக், சாமியார் மாதிரி திரிகிறேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் இரண்டு தடவை ரத்தம் படிந்த புடவையை நான்தான் அலசினேன். தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டேன்.

ஜனவரி 3, செவ்வாய்

அஞ்சாபுலி அண்ணனிடம் கூட்டைக் காட்டினேன். முப்பது வருடம் கடலில் கிடந்துவிட்டு, முட்டி தேய்ந்ததும் இங்கே டிரைவராக வந்தவர். படகு விஷயத்தில் அவரைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. இந்தப் படகுக்குப் பெட்ரோல் எஞ்சின். தரைப்பலகைக்கு அடியில், மூடி போட்ட அறையில் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தண்ணீர் போலப் படகின் அடியில் போய்த் தேங்கும். சாவியைத் திருகும்போது ஒரு பொறி போதும். அதனால் முதலில் காற்றாடியைப் போட வேண்டும். அது அடியில் தேங்கியதை இழுத்துப் பின்குழல் வழியாக வெளியே தள்ளும். நான்கு நிமிடம். குழல் வாயில் கை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். மூடியைத் தூக்கி முகர்ந்து பார்க்க வேண்டும். அப்புறம்தான் சாவி. எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகுதான் ஆள் ஏற்றுவது. முதலாளி குடும்பத்தோடு வந்த நாளிலும் அவரை நான்கு நிமிடம் வெயிலில் நிற்க வைத்தவர் அண்ணன்.

அவருக்கு ஒரே ஒரு குறை. கொரோனா வந்து போனதிலிருந்து வாசனை தெரியாது. கருவாடும் ஒன்று, கற்பூரமும் ஒன்று. அதனால் முகர்ந்து பார்க்கிற வேலை என்னுடையது. "என் மூக்கு உன் மூஞ்சில இருக்குதுடா நாகு. சளி புடிக்காம பாத்துக்க" என்பார்.

கூடு இருந்தது காற்றாடி தள்ளுகிற குழலில். காற்றாடியைப் போட்டால் குஞ்சுகள் பெட்ரோல் நாற்றத்திலேயே செத்துவிடும். அண்ணன் யோசித்தார். சௌந்தரி சொன்னதைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு மனசு நோவக் கூடாது. ஒயரக் கழட்டிடு. குஞ்சு பறக்கற வரைக்கும் மூடியத் தொறந்து வச்சி அரை மணி நேரம் காத்தாட வுடு. நீ மோந்து பாத்து சரின்னு சொன்னாத்தான் நான் சாவியத் தொடுவேன்."

ஒயரைக் கழற்றி நுனியில் டேப் சுற்றி வைத்தேன். மேனேஜரிடம் சொல்லவில்லை. சொன்னால் கூட்டைத் தண்ணீரில் வீசச் சொல்லுவார்.

ஜனவரி 9, திங்கள்

தினமும் காலை ஏழரைக்கு மூடியைத் திறக்கிறேன். எட்டு மணிக்குக் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே விட்டு முகர்கிறேன். கையைத் தூக்கிக் காட்டினால் அண்ணன் ஏறுகிறார். படகு போகும்போது தாய்க்குருவி துறைக் கம்பத்தில் உட்கார்ந்து கத்துகிறது. திரும்பி வந்ததும் பூச்சியோடு உள்ளே நுழைகிறது. டிக்கெட் வாங்காமல் போகிற மூன்று பேர் என்று அண்ணன் குஞ்சுகளைச் சொல்லுகிறார்.

பிள்ளைக்குத் தூளிக் கயிறு அவரே முறுக்கித் தருவாராம். கடைக் கயிறு கழுத்தை அறுக்குமாம். பிறப்பதற்கு முன்னால் எதுவும் வாங்கி வைக்கக்கூடாது என்று சௌந்தரி கத்துவாள் என்றேன். "உன் வூட்டுலயா வக்கறேன், என் வூட்டுல வக்கறேன்" என்றார்.

சௌந்தரிக்குக் கால் வீங்கியிருக்கிறது. ராத்திரியில் தூங்குகிறாளா என்று நான் எழுந்து எழுந்து பார்க்கிறேன். இந்தப் பிள்ளையும் தங்காமல் போய்விட்டால் அவள் இருக்கமாட்டாள். இது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஜனவரி 12, வியாழன்

பெட்ரோல் ஊற்றுகிற ரப்பர் குழாய் இறுகி, இணைப்பில் வெடித்திருக்கிறது. ஊற்றும்போது கசிகிறது. கடையில் பொங்கல் கழித்துத்தான் சரக்கு வருமாம். துணி சுற்றிக் கம்பியால் இறுக்கினேன்.

ஜனவரி 16, திங்கள்

மாட்டுப்பொங்கல். மத்தியானம் வரை ஏழு நடை. இடுப்பு ஒடிந்துவிட்டது. கிளம்பும்போது அண்ணன் ஏதோ சொன்னார். நாளைக்குப் பார்த்துக்கலாம் என்றேன். நாளைக்குக் காணும் பொங்கல், சமாளிக்க முடியாத கூட்டம் வரும்.

ஜனவரி 17, செவ்வாய்

காலையில் சௌந்தரிக்கு வலி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சூட்டுவலி என்றார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

அண்ணன் செத்துவிட்டார். படகு வெடித்துவிட்டது.

ஜனவரி 19, வியாழன்

நேற்று எடுத்தார்கள். ஊரே வந்தது. பாடைக்குத் தோள் கொடுக்கப் போனவனை அண்ணனுடைய மச்சான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ தூக்காத தம்பி. பொண்டாட்டி முழுவாம இருக்கறா. அஞ்சாபுலியே வுடமாட்டாரு."

ஒதுங்கி நின்றேன். தாடியைப் பார்த்துவிட்டு யாரோ, "அண்ணனுக்காகத் துக்கம் காக்கறான் பாரு" என்றார்கள். நான் மறுக்கவில்லை.

ஜனவரி 20, வெள்ளி

நடந்ததை எழுதி வைக்கிறேன். நான் அங்கே இல்லை. டிக்கெட் கொடுக்கிற ஆள் சொன்னதுதான்.

எட்டே முக்கால். துறை நிறைய ஜனம். அண்ணன் எல்லாரையும் கயிற்றுக்கு அந்தப்பக்கம் நிறுத்திவிட்டு ஏறினார். உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். தரைப்பலகை அப்படியே மேலே போனதாம். ஆள் ஏற்றாததால் வேறு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு அம்மாவுக்குக் கையில் கண்ணாடி கீறியிருக்கிறது. படகு அரை மணி நேரம் எரிந்து மூழ்கிவிட்டது.

அன்றைக்கு அண்ணன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 24, செவ்வாய்

விசாரணைக்கு ஒரு மேடம் வந்திருந்தார். ஆபீஸ் அறையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்துக் கேட்டார். காற்றாடி வேலை செய்ததா? செய்தது என்றேன். எப்போதும் எத்தனை நிமிடம் போடுவார்? நான்கு நிமிடம். அன்றைக்கு ஏன் போடவில்லை?

நான் பதில் சொல்வதற்குள் மேனேஜர், "கூட்டத்தப் பாத்து அவசரப்பட்டுட்டாரு மேடம். வயசாயிடுச்சில்ல" என்றார். மேடம் எழுதிக்கொண்டார்.

அப்புறம் ஒரு காகிதத்தைப் பார்த்தபடி கேட்டார்: "எட்டு நாப்பதுக்கு அவர் போன்லேருந்து உங்களுக்கு ஒரு கால் போயிருக்கு. இருவத்தியோரு செகண்ட். என்ன பேசினார்?"

"ஆஸ்பத்திரிக்குள்ள சிக்னல் இல்ல மேடம். ஒண்ணும் கேக்கல."

வேறொன்றும் கேட்கவில்லை. பைக்கில் சாவியைப் போட்டுவிட்டுத் திருப்ப முடியாமல் நின்றேன். வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஜனவரி 27, வெள்ளி

வளைகாப்பு. தள்ளிவைக்கலாம் என்றேன். தை விட்டால் நாள் இல்லை என்றாள் சௌந்தரி. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒன்பது பேர் வந்தார்கள். சௌந்தரிக்கு அம்மா இல்லை, பெரியம்மா வளையல் அடுக்கினாள். அண்ணன் இருந்திருந்தால் முதல் வளையலை அவர் மனைவி தவமணி அண்ணிதான் போட்டிருப்பார். புருஷனை இழந்தவர் வரக்கூடாது, எங்கள் வீட்டிலிருந்தும் அவர் வீட்டுக்குப் போகக்கூடாது. இந்த ஒரு சாத்திரம் மட்டும் எனக்குச் சௌகரியமாக இருக்கிறது. அண்ணி முகத்தைப் பார்க்காமல் தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 30, திங்கள்

வேலை இல்லை. துறையை மூடிவிட்டார்கள். நீர் வற்றுகிற நேரம் பார்த்துச் சேற்றில் இறங்கினேன். அண்ணனுடைய டிபன் கேரியர் கிடைத்தால் அண்ணிக்குக் கொடுக்கலாம் என்று.

முழங்கால் ஆழம் சேறு. ஒரு செருப்பு, பாதி லைஃப் ஜாக்கெட், எஞ்சின் மூடியின் கீல்.

பிப்ரவரி 1, புதன்

இன்றும் இறங்கினேன். டிபன் கேரியர் கிடைத்தது. மேல் தட்டில் எலுமிச்சைச் சோறு அப்படியே கறுத்துப்போயிருந்தது. கரையில் வைத்துவிட்டு மறுபடியும் இறங்கினேன். இன்னும் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது.

பிப்ரவரி 3, வெள்ளி

இல்லை.

பிப்ரவரி 7, செவ்வாய்

கிடைத்தது. கிழக்கே நாற்பதடி தள்ளி, அலையாத்தி வேருக்கு இடையில். படகின் பின்பலகை ஒரு சாண் பிய்ந்து, அதோடு சேர்ந்தாற்போல் குழல். வளைந்த வாய்க்குள் வைக்கோல் சேற்றோடு இறுகிக் கிடந்தது. சட்டையைக் கழற்றிச் சுற்றி எடுத்து வந்து பரணில், பழைய குக்கர் அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன். அதிகாரிகள் கையில் கிடைத்திருந்தால், குழலில் வைக்கோல் எப்படி வந்தது, காற்றாடி எப்படி ஓடியது என்று கேட்டிருப்பார்கள்.

டிபன் கேரியருக்காகத்தான் போனேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். என் டைரியிலேயே நான் யாருக்குப் பொய் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 8, புதன்

குழலுக்குள் குஞ்சுகளின் எலும்பு இருக்குமோ என்று விரலை விட்டுப் பார்த்தேன். இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும்.

மாட்டுப்பொங்கல் அன்று கிளம்பும்போது அண்ணன் சொன்னது இதுதான்: "குருவி பறந்துடுச்சிடா. காலைலேருந்து கூடு காலி. கூட்ட எடுத்துட்டு ஒயர மாட்டிடு." பத்து நிமிட வேலை. கூட்டை எடுத்துவிட்டு இரண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்ற வேண்டும். எனக்குக் கை வரவில்லை. காலிக் கூடும் கூடுதானே, இன்னும் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. சௌந்தரியைக் கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலிக் கூட்டை எடுக்கலாம் என்றே சொல்லியிருப்பாள். நம்பிக்கை இல்லாதவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன், வெறும் வைக்கோலுக்குப் பயந்தேன்.

பிப்ரவரி 20, திங்கள்

தப்பிக்க முடியவில்லை. ரேஷன் கடை வரிசையில் தவமணி அண்ணி பின்னால் வந்து நின்றார். டிபன் கேரியரை ஆள் மூலமாகக் கொடுத்தனுப்பியதற்கு நன்றி சொன்னார். அது போதாதென்று கேட்டார்.

"ஊரெல்லாம் அவருதான் அவசரப்பட்டு சாவியத் திருவிட்டாருன்னு பேசுது தம்பி. என் தம்பியே சொல்லுறான். மூணு புள்ள கல்யாணத்துக்கும் நேரத்துக்கு வராத மனுஷன், படவுல மட்டும் நாலு நிமிஷம் நாலு நிமிஷம்னு உசுர வாங்குனவரு. நீ கூடவே இருந்தவன். காத்தாட வுடாம எடுக்கறவரா அவரு?"

"இல்ல அண்ணி."

"அத அந்த மேடம்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

எத்தனை சுலபமாக வருகிறது. அரிசி போடுகிறவர் என் பெயரைக் கூப்பிட்டார். பையை நீட்டும்போது அண்ணியைத் திரும்பிப் பார்க்கவில்லை. செத்தவர் சாட்சி சொல்ல வரமாட்டார் என்கிற தைரியத்தில் சோறு தின்றுகொண்டிருக்கிறேன். அந்த அரிசியைத்தான் சௌந்தரியும் தின்கிறாள், உள்ளே இருப்பதும் தின்கிறது.

பிப்ரவரி 26, ஞாயிறு

உள்ளே பிள்ளை உதைப்பதை என் கையை வைத்துக் காட்டினாள். கையை எடுத்துக்கொண்டேன். தண்ணீர் பிடிக்க வேண்டும் என்றேன். குடம் நிறைந்துதான் இருந்தது.

மார்ச் 3, வெள்ளி

வெந்நீர்ப் பானை தேடுகிறேன் என்று ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறியிருக்கிறாள், ஒன்பதாம் மாதத்தில். நான் கடைக்குப் போய்விட்டு வந்தபோது அந்தக் குழல் அவள் மடியில் இருந்தது.

"இது அந்தக் கூடுதான?"

"ஆமா."

"அன்னிக்குக் காத்தாடி ஓடலியா?"

"ஓடல."

"எத்தினி நாளா ஓடல?"

"நீ சொன்ன நாள்லேருந்து."

சொல்லிவிட்டேன். இரண்டு மாதமாக எதைச் சொல்லாமல் காப்பாற்றினேனோ அதை இந்த மாதிரிச் சொல்லிவிட்டேன். குஞ்சு பறந்துபோனதை, பறந்த பிறகும் நான் எடுக்காததைச் சொல்லவில்லை. பாதி உண்மையை எடுத்து அவள் தலையில் போட்டேன். அவள் அழவில்லை. வளையல் போட்ட கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். குழலுக்குள் விரலை விட்டு வைக்கோலைப் பிய்த்துப் பிய்த்து வெந்நீர் அடுப்பில் போட்டாள். காய்ந்த சேறு உதிர்ந்தது. உள்ளே லைஃப் ஜாக்கெட்டின் ஆரஞ்சு நூல்கூட இருந்தது, குருவி எங்கிருந்து எடுத்ததோ. கூட்டைக் கலைக்கக்கூடாது என்றவள் ஒரு துரும்பு விடாமல் கலைத்தாள். ஒவ்வொரு தடவை கை போகும்போதும் வளையல் சத்தம். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் சுட்டதும் வாளியில் ஊற்றினாள்.

"குளிச்சிட்டு வாங்க. பொறக்கப்போற புள்ளைக்கு அப்பன் வேணும்."

குளித்தேன்.

மார்ச் 4, சனி

காலிக் குழலைப் பழைய இரும்புக் கடையில் போட்டாயிற்று. இனி இருப்பது இந்த டைரி மட்டும்தான். இது டூல்ஸ் பெட்டியின் அடித்தட்டில் இருப்பது சௌந்தரிக்குத் தெரியாது. ஜனவரி மூன்றாம் தேதிப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று எடுத்தேன். அதில் அண்ணன் பேசியது இருக்கிறது. கிழிக்க முடியவில்லை.

மார்ச் 13, திங்கள்

அறிக்கை வந்துவிட்டதாம். மேனேஜர் துறைக்கு வரச்சொல்லிப் படித்துக் காட்டினார். 'ஓட்டுநர் உரிய காற்றோட்ட நடைமுறையைப் பின்பற்றாமல் எஞ்சினை இயக்கியதே விபத்துக்குக் காரணம்.' மாத முடிவு வரை யாராவது ஆட்சேபம் சொல்லலாமாம், அதற்கப்புறம் கோப்பை மூடிவிடுவார்கள்.

"தப்பிச்சோம்யா" என்று முதுகில் தட்டினார். புதுப் படகு வருகிறதாம், டீசல் எஞ்சின். சித்திரையில் வேலைக்கு வரச் சொன்னார். புதிதாக எழுதி மாட்டப்போகிற அறிவிப்புப் பலகையில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: ஓட்டுநரின் அலட்சியம் உயிரைப் பறிக்கும். அலட்சியம் என்ற வார்த்தைக்கு எழுத்து அட்டையை நான்தான் வெட்டிக் கொடுத்தேன். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே.

மார்ச் 22, புதன்

காலை 11.20. பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு. இரண்டு பேரும் நலம்.

நர்ஸ் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார். ஒன்பது வருடமாக இந்த நிமிடத்தை நினைத்து வைத்திருந்தேன். கை நீட்டி வாங்கினேன், பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மாடிப்படிக்குக் கீழே போய் நின்று அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறான் என்று வாட்ச்மேன் டீ வாங்கிக் கொடுத்தார்.

மார்ச் 28, செவ்வாய்

தவமணி அண்ணி வந்தார். தெருவிலேயே, கேட்டுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டார். உள்ளே வரச் சொன்னேன்.

"வேணாம் தம்பி. பச்சப்புள்ள இருக்கற வூடு. இதக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

மஞ்சள் பையிலிருந்து கயிற்றை எடுத்தார். வெள்ளைக் கயிறு, மூன்று புரி. இரண்டு நுனியிலும் படகுக் கயிற்றுக்குப் போடுகிற மாதிரி வளையம் பின்னி, பிசிறு தெரியாமல் மடித்துச் செருகியிருந்தது. தூளிக் கயிறு.

"போகிக்கு மொத நாளே முடிச்சிட்டாரு. பொறக்கட்டும், அப்பறம் குடுக்கலாம்னு அரிசிப் பானைக்குள்ள வச்சிருந்தாரு."

கயிற்றைக் கையில் வாங்கியதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. எல்லாவற்றையும் சொன்னேன். காற்றாடி ஒயரைக் கழற்றியது. குஞ்சு பறந்த பிறகும் மாட்டாதது. அன்று காலை ஆறு மணிக்குப் போய்ப் பெட்ரோல் ஊற்றியது. சௌந்தரி போன் செய்ததும் மூடியைத் திறந்து காற்றாட விடாமல் ஓடியது. எட்டு நாற்பதுக்கு அண்ணன் கூப்பிட்டது. சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. "மூடியத் தொறந்து வுட்டியாடா நாகு? சரியா இருக்குதா?" என்று அவர் கேட்டது தெளிவாகக் கேட்டது. நர்ஸ் கதவைத் திறந்து சௌந்தரி பெயரைக் கூப்பிட்டார். நான் "ம்" என்றேன். "பொண்ணப் பாத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அவ்வளவுதான் இருபத்தொரு விநாடி.

அண்ணி கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். திட்டுவார், மண்ணை வாரி இறைப்பார் என்று நின்றேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மோந்து பாத்தியா தம்பி? என் மூக்கு அவன்தான்னு சொல்லுவாரே."

"இல்ல அண்ணி. பாக்க நேரமில்ல."

"பாக்கல" என்றார். மூச்சை விட்டார். "அப்ப உனக்கே தெரியாது. பொண்டாட்டி வலின்னா எவனுக்கும் தல கால் புரியாதுதான். தெரியாம செஞ்சிட்ட." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவரு மேல தப்பில்லன்னு மட்டும் எழுதிக் குடுத்துடு. எனக்கு அது போதும்."

இரண்டு வீடு தாண்டிப் போனவர் திரும்பி வந்தார்.

"கயித்த ரெண்டு நாள் தண்ணில ஊறப்போட்டுக் கட்டு. புதுக்கயிறு இழுக்கும்."

மார்ச் 30, வியாழன்

காலையில் தூளி கட்டினேன். சௌந்தரி குழந்தையைக் குளிப்பாட்டி என் மடியில் வைத்தாள். எதையோ தெரிந்துகொண்டவள் போல முகத்தைப் பார்த்தாள்.

"எட்டு நாளாச்சி. ஒரு தடவகூட நீங்க உச்சி மோந்து பாக்கல."

குனிந்து முகர்ந்தேன். பால் வாசம், சாம்பிராணி, கொஞ்சம் வசம்பு. அதற்கெல்லாம் அடியில், பெயர் தெரியாத இளஞ்சூடான ஒரு வாசம். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. என் மூக்குக்கு ஒரு கேடும் இல்லை.

அன்றைக்கும் இல்லை.

ஆறு பத்துக்குப் பெட்ரோல் ஊற்றி முடித்தேன். குழாய் இணைப்பில் நான் சுற்றிய துணி நனைந்து கிடந்தது. மூடியைத் தூக்கினேன். கண்ணில் நீர் வருகிற அளவுக்கு அடித்தது. இவ்வளவு கனமாக அந்த வாசத்தை நான் முகர்ந்ததே இல்லை. அப்போதுதான் போன் அடித்தது. திறந்து கிடந்தால் யாராவது காலை விட்டுவிடுவார்கள் என்று மூடியைச் சாத்திவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதும் அது சட்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். அவரே கூப்பிட்டார். நான் "ம்" என்றேன்.

நேற்று முழுவதும் அண்ணியின் முகம்தான் கண்ணில் நின்றது. தெரியாமல் செய்தவனை அவர் மன்னித்துவிட்டுப் போனார். அப்படி ஒருவன் இல்லை.

சௌந்தரியிடம் டைரியைக் காட்டினேன். பிப்ரவரி எட்டாம் தேதியை மட்டும் படித்தாள், காலிக் கூட்டைப் பற்றி எழுதியதை. அதற்கு மேல் படிக்கவில்லை. குழந்தையை எடுத்துத் தூளியில் போட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து ஆட்ட ஆரம்பித்தாள். போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

நாளைதான் கடைசி நாள். பத்து மணிக்கு அந்த மேடம் அலுவலகத்தில் இருப்பார். ஜனவரி மூன்றாம் தேதிப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் முனை மடித்து வைத்திருக்கிறேன். போகிற வழியில் அண்ணி வீடு. முதலில் அங்கே நின்று, வாசம் அடித்தது அண்ணி என்று சொல்ல வேண்டும்.

பிள்ளைக்குப் படித்துக் காட்டலாம் என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன். யாராவது படித்துக் காட்டுவார்கள்.